தொங்கிய பாதம் மீண்டும் எழ: தொழுநோயும் தசைநாண் மாற்று அறுவையும்

தொழுநோய்க்கு எதிராக நம் நாடு மேற்கொண்டுவரும் முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. 1955-ஆம் ஆண்டில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1983-இல் கூட்டு மருந்து சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு அது தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டமாக மாற்றி அமைக்கப்பெற்றது. 2005-ஆம் ஆண்டு டிசம்பரில், 10,000 மக்களுக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளிகள் என்ற நிலையை நாடு முழுமையாகப் பார்க்கும்போது எய்தினோம். ஆயினும் நோய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிய நோயாளிகளாகக் கண்டறியப்பட்டனர். உலகில் அவ்வாண்டு கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே.

கூட்டு மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. ஆனால் சிகிச்சை தொடங்குமுன்பே சிதைந்துபோன நரம்பை அது மீட்டுத் தருவதில்லை. ஆகவே நோய் குணமான பின்னும் ஊனத்துடன் வாழ்வோர் பலர் உள்ளனர். அவ்வூனங்களுள் ஒன்று தொங்குபாதம். கணுக்காலை மேல்நோக்கி மடக்க இயலாமல் முன்பாதம் துவண்டு தொங்கும் நிலை இது. தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைப்பதன் மூலம் இதனைப் பெரும்பாலும் சரிசெய்ய இயலும். இவ்வறுவை இந்நாட்டிலேயே செப்பம் பெற்றது. அரசுத் திட்டத்தின்கீழ் கட்டணமின்றிச் செய்யப்படுவது. எனினும் அதன் வெற்றி அறுவை அரங்கில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. கிராமத்தில் உரிய காலத்தில் செய்யப்படும் சோதனையும், அறுவைக்கு முன்னும் பின்னும் அளிக்கப்படும் பயிற்சியும், வாழ்நாள் முழுவதும் தொடரும் பாதப் பராமரிப்பும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன.

தசைநாணின் பணி

தசை சுருங்கும்போது எலும்பு அசைகிறது. தசையின் இழுவிசையை எலும்புக்குக் கொண்டு சேர்க்கும் உறுதியான வெண்ணிறக் கயிறே தசைநாண். பாதத்தை அசைக்கும் முக்கியத் தசைகள் பாதத்தில் இல்லை. முழங்காலுக்குக் கீழே கீழ்க்காலில் உள்ளன. அவற்றின் நாண்கள் கணுக்காலைக் கடந்து வந்து பாத எலும்புகளில் பற்றுகின்றன.

இத்தசைகளை நான்கு பிரிவுகளாகக் காணலாம். கீழ்க்காலின் முன்புறத் தசைகள் பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குகின்றன. வெளிப்புறத் தசைகள் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புகின்றன. பின்புறத்துக் கெண்டைத்தசை குதிகால் நாணின் வழியாகப் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தி, உடலை முன்னே உந்துகிறது. அக்கெண்டைத்தசைக்கு அடியில், இரு எலும்புகளுக்கும் பின்னே ஆழத்தில் கிடக்கும் தசை ஒன்று பாதத்தை உட்புறமாகத் திருப்புகிறது. பாதத்தின் உள்வளைவைத் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. இதனைப் பின்கணைக்கால் தசை என்பர். இக்கட்டுரையில் மையமான இடம் பெறுவது இத்தசையே.

நாம் நடக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. பின்னர் முன்பாதம் மெல்லத் தரையில் படிகிறது. அடுத்த அடி எடுத்து வைக்கக் காலை முன்னே கொணரும்போது, விரல்கள் தரையில் இடறாதபடி பாதம் சற்றே மேலே தூக்கப்படுகிறது. மெல்லப் படிய வைப்பதும், இடறாமல் தூக்குவதும் முன்புறத் தசைகளின் வேலை.

நரம்பு பாதிக்கப்படும் விதம்

1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் பெருகும் இயல்புடையது. தோலுக்கு அருகே மேலோட்டமாகச் செல்லும் நரம்புகள் அதற்கு ஏற்ற இடங்களாகின்றன. கீழ்க்காலின் முன்புற, வெளிப்புறத் தசைகளை இயக்கும் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து வருகிறது. அவ்விடத்தில் விரலால் உருட்டிப் பார்க்குமளவுக்கு அது தோலை ஒட்டியுள்ளது. தொழுநோயில் இந்நரம்பு அவ்விடத்தில் வீங்கி, இறுகி, செயலிழக்கக்கூடும். அப்போது பாதத்தைத் தூக்கும் தசைகளும் வெளிப்பக்கம் திருப்பும் தசைகளும் ஒருங்கே வாதமுறுகின்றன.

கீழ்க்காலின் பின்புறம் செல்லும் மற்றொரு நரம்பும் இந்நோயில் தாக்கப்படுகிறது. ஆனால் அத்தாக்குதல் நிகழ்வது கணுக்காலின் உட்புற முண்டுக்குப் பின்னே, நரம்பு மேலெழுந்து வரும் இடத்தில். பின்கணைக்கால் தசைக்கு உரிய கிளை அதற்கு வெகு மேலேயே, கெண்டைத்தசைகளின் வெதுவெதுப்பான ஆழத்தில் பிரிந்துவிடுகிறது. ஆகவே உள்ளங்காலில் உணர்வு முழுவதும் அற்றுப்போன நோயாளியிடத்திலும் பின்கணைக்கால் தசை வலிமை குன்றாமல் இருப்பது வழக்கம். நோய் விட்டுவைத்த இத்தசையே சிகிச்சைக்குக் கருவியாகிறது.

தொங்குபாதத்தின் விளைவுகள்

தொங்குபாதம் உள்ளவர் விரல்கள் இடறாதிருக்க முழங்காலை மிக உயர்த்தி, படி ஏறுபவர் போல் நடப்பார். பாதம் தரையில் பட்டென்று விழும். எதிர்த்து இழுக்கத் தசையில்லாத நிலையில், பின்கணைக்கால் தசை பாதத்தை உட்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் குதிகாலுக்கு மாறாக, பாதத்தின் வெளிவிளிம்பும் முன்பகுதியும் முதலில் தரையில் மோதும். உடலின் பாரம் சிறு பரப்பில் திரும்பத் திரும்ப விழும்.

உணர்வுள்ள பாதமாயின் வலி தோன்றி, நடப்பவர் காலை மாற்றி வைப்பார். உணர்வற்ற பாதத்தில் அந்த எச்சரிக்கை எழுவதில்லை. காய்ப்பு தோன்றி, அதனடியில் திசு நசுங்கி, புண் உண்டாகிறது. புண்ணோடு நடப்பதால் சீழ் எலும்பு வரை பரவுகிறது. இறுதியில் விரல்களையோ பாதத்தையோ இழக்க நேரிடலாம். வரப்பிலும் சேற்றிலும் நடந்து உழைப்பவருக்கும், சுமை தூக்கிப் பிழைப்பவருக்கும் இது வாழ்வாதார இழப்பாகும். மேலும், அந்நடையே அவருடைய பழைய நோயை ஊரறியச் செய்கிறது. நோய் குணமாகி, பிறருக்குத் தொற்றும் நிலை அறவே இல்லாதபோதும், நடையைக் கண்டு விலக்கி வைக்கும் வழக்கம் பல இடங்களில் மறையவில்லை.

முதல் ஆறு மாதங்கள்

எல்லாத் தொங்குபாதங்களுக்கும் அறுவை தேவையில்லை என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். நரம்பு செயலிழக்கத் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் கண்டறியப்பட்டால், பிரெட்னிசோலோன் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பல வாரங்கள் கொடுப்பதன் மூலம் நரம்பின் வீக்கத்தைத் தணித்து, தசைகளின் வலிமையைப் பெருமளவு மீட்கலாம். காலம் கடந்தால் இவ்வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதனைக் கண்டறியும் சோதனை மிக எளியது. நோயாளியை அமரச் செய்து, குதிகாலைத் தரையில் ஊன்றியவாறு முன்பாதத்தைத் தூக்கச் சொல்ல வேண்டும். தூக்கிய பாதத்தைக் கையால் மெல்லக் கீழே அழுத்த வேண்டும். எதிர்த்து நிற்குமாயின் தசை வலிமையாக உள்ளது. அழுத்தத்துக்கு இணங்கிவிட்டால் பலவீனம். தூக்கவே இயலாவிடில் வாதம். இரு பாதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். எவ்விதக் கருவியும் வேண்டாத இச்சோதனையை, மருந்து பெற வரும் நோயாளிகளிடம் தவறாமல் செய்தால், அறுவை தேவைப்படுவோரின் எண்ணிக்கையே குறையும்.

அறுவையின் வரலாறு

வலிமையுள்ள தசையின் நாணை, அது பற்றியுள்ள இடத்திலிருந்து பிரித்து, வாதமுற்ற தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் தைக்கும் கருத்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றியது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் தளர்ந்தவர்களுக்குப் பின்னர் இம்முறை பெருமளவில் பயன்பட்டது. ஆனால் தொழுநோயாளிகளுக்கு இதனைச் செய்ய மருத்துவர்கள் நெடுங்காலம் முன்வரவில்லை. அவர்களுடைய தசை கெட்டது, காயம் ஆறாது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

இந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் நோயாளிகளின் மடங்கிய கைகளை ஆராய்ந்த அவர், அவர்களுடைய முன்கைத் தசைகள் பல நல்ல வலிமையுடன் இருப்பதைக் கண்டார். 1948-இல் கைகளுக்கான தசைநாண் மாற்று அறுவைகளைத் தொடங்கினார். பாதத்துக்கான அறுவைகள் அதனைத் தொடர்ந்தன. புண்கள் நோயினால் தாமாகத் தோன்றுவன அல்ல, உணர்வின்மையால் ஏற்படும் காயங்களின் விளைவே என்றும், ஓய்வும் பாதுகாப்பும் கொடுத்தால் அவை பிறருடைய காயங்களைப் போலவே ஆறும் என்றும் அவருடைய குழுவினர் மெய்ப்பித்தனர். 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் நிறுவப்பட்ட ஆய்வு மையம் இப்பணியை வளர்த்தது.

அதே 1955-இல் செங்கற்பட்டு இல்லத்தை மத்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக அமைத்தது. பின்கணைக்கால் தசைநாணை இரு வால்களாகப் பிளந்து பொருத்தும் முறையை டாக்டர் எச். சீனிவாசனும் அவருடன் பணியாற்றியோரும் 1968-இல் மருத்துவ உலகுக்கு வெளியிட்டனர். தொழுநோய்த் தொங்குபாதத்துக்கு இம்முறையும் இதன் வேறுபாடுகளும் இன்றும் பரவலாகக் கையாளப்படுகின்றன.

அறுவை செய்யும் முறை

பாதத்தின் உள்விளிம்பில் சிறிய கீறல் இட்டு, பின்கணைக்கால் தசையின் நாண் எலும்பில் பற்றியுள்ள இடத்திலிருந்து பிரிக்கப்படுகிறது. கணுக்காலுக்கு மேலே உட்பக்கத்தில் இடப்படும் மற்றொரு கீறலின் வழியாக அந்த நாண் வெளியே எடுக்கப்பட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பின்னர் அது முன்புறத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. இதற்கு இரு வழிகள் உள்ளன. உட்புற எலும்பைச் சுற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவருவது ஒன்று. இரு எலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வில் துளை அமைத்து, அதன் வழியே கொண்டுவருவது மற்றொன்று. முதல் வழி எளியது. இரண்டாவது வழியில் இழுவிசை நேர்கோட்டில் அமையும். ஆனால் நாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

நாணின் ஒரு வால் பெருவிரலைத் தூக்கும் நாணிலும், மற்றொன்று ஏனைய விரல்களைத் தூக்கும் நாணிலும் தைக்கப்படுகின்றன. பெருவிரல் பாதத்தின் உட்பக்கத்திலும் மற்றவை வெளிப்பக்கத்திலும் இருப்பதால், பாதம் எப்பக்கமும் சாயாமல் சமமாக எழுகிறது. தைக்கும்போது பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்து, நாணுக்குத் தக்க இறுக்கம் கொடுக்கப்படுகிறது. இறுக்கம் குறைந்தால் பாதம் போதிய அளவு எழாது.

நெடுநாள் தொங்கிய பாதத்தில் குதிகால் நாண் குறுகிப் போயிருக்கும். அந்நிலையில் முன்புறம் எத்தசையை மாற்றி வைத்தாலும் அது பாதத்தைத் தூக்க இயலாது. எனவே குதிகால் நாணில் மாறுபட்ட மட்டங்களில் பாதியளவு வெட்டுகள் இட்டு, அதனை நீளச் செய்தபின்னரே மாற்று நாண் தைக்கப்படுகிறது.

இவ்வறுவையால் இரட்டை நன்மை விளைகிறது. பாதத்தைத் தூக்கும் விசை கிடைக்கிறது. அதோடு, பாதத்தை உட்புறமாகக் கோணச் செய்துகொண்டிருந்த விசையும் அகன்றுவிடுகிறது.

முன்னும் பின்னும் பயிற்சி

அறுவைக்குத் தகுந்தவரைத் தேர்ந்தெடுப்பதற்கு வரையறைகள் உள்ளன. வாதம் நிலைத்துவிட்டது உறுதியாக வேண்டும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு கழிந்திருத்தல் நன்று. கூட்டு மருந்து சிகிச்சை உரியவாறு நடந்திருக்க வேண்டும். அண்மைய மாதங்களில் நோயின் எதிர்விளைவோ நரம்பு வலியோ இருத்தல் கூடாது. பாதத்தில் புண், வெடிப்பு, சொறி எதுவும் இருத்தல் ஆகாது. இடம் மாற்றப்படும் தசை தன் வலிமையில் ஒரு படியை இழக்கும் என்பது அறுவை மருத்துவர்களின் கணக்கு. ஆகவே அத்தசை முன்பே நல்ல வலிமையுடன் இருக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே இயன்முறை மருத்துவர், பாதத்தை உட்பக்கம் திருப்பும் அசைவைத் தனியாகச் செய்ய நோயாளிக்குக் கற்பிக்கிறார். குதிகால் நாணை நீட்டும் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. அறுவைக்குப் பின் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் பாதம் மாவுக்கட்டில் வைக்கப்படும். கட்டு அவிழ்த்த பின்னர்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது. இதுகாறும் பாதத்தை உட்பக்கம் திருப்பிய தசை, இனி அதனை மேலே தூக்க வேண்டும். நோயாளி பாதத்தை உட்பக்கம் திருப்ப முயல்வார்; பாதம் மேலெழும். அதனைக் கண்ணால் கண்டு, திரும்பத் திரும்பச் செய்து, புதிய வேலையை மூளை பழகிக்கொள்கிறது. முதலில் படுத்த நிலையிலும், பின் அமர்ந்தும், அதன்பின் நின்றும், இறுதியில் நடந்தும் பயிற்சி தொடர்கிறது. அவசரப்பட்டு முழுப் பாரத்தையும் ஊன்றினால் தையல் தளர்ந்துவிடக்கூடும். மருத்துவமனை வாசம், கட்டு, பயிற்சி ஆகிய அனைத்துக்குமாக ஏறக்குறைய மூன்று மாதங்களை ஒதுக்க வேண்டியுள்ளது.

அறுவை தர இயலாதவை

இவ்வறுவை அசைவை மீட்டுத் தருகிறது; உணர்வை மீட்டுத் தருவதில்லை. உள்ளங்கால் முன்போலவே உணர்வற்றிருக்கும். ஓட்டமும் விரைவும் முழுமையாகத் திரும்பும் என்றும் உறுதி கூற இயலாது. தையல் தளர்தல், நாண் ஒட்டிக்கொள்ளுதல், தொற்று ஆகியவை நேரக்கூடும். உள்வளைவைத் தாங்கிய தசை இடம் மாறிவிடுவதால், காலப்போக்கில் பாதம் தட்டையாவதும் உண்டு. இவற்றை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு எடுத்துக் கூற வேண்டும்.

ஆகவே நாள்தோறும் பாதங்களைப் பார்த்துச் சோதித்தல், நீரில் ஊறவைத்துக் காய்ப்பைத் தேய்த்தெடுத்தல், எண்ணெய் தடவுதல் ஆகிய பழக்கங்களை அறுவைக்குப் பின்னும் கைவிடலாகாது. மென்மையான நுண்துளை ரப்பர் உட்பகுதியும், முள்ளும் ஆணியும் ஊடுருவாத கடினமான அடிப்பகுதியும் கொண்ட காலணி இன்றியமையாதது. திட்டத்தின்கீழ் இக்காலணிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. பார்வைக்குத் தனித்துத் தெரியும் காலணியை மக்கள் அணியத் தயங்குவர். சாதாரணக் காலணியின் தோற்றத்திலேயே அது அமைய வேண்டும் என்பது பல்லாண்டு அனுபவம் கற்பித்த பாடம்.

நிர்வாகத்தின் பொறுப்பு

ஊனத் தடுப்பும் மருத்துவ மறுவாழ்வும் தேசியத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். மருத்துவக் கல்லூரிகள், அரசின் சிறப்பு நிலையங்கள், ஏற்பளிக்கப்பட்ட தொண்டு நிறுவன மருத்துவமனைகள் ஆகியவற்றில் சீரமைப்பு அறுவைகள் நடைபெறுகின்றன. செங்கற்பட்டு தவிர ராய்ப்பூர், ஒடிசாவின் அஸ்கா, மேற்கு வங்கத்தின் கௌரிப்பூர் ஆகிய இடங்களில் மத்திய அரசின் மண்டல நிலையங்கள் அமைக்கப்பட்டன. அறுவை செய்துகொள்வோருக்கு வழங்கப்படும் நலத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மூன்று மாதக் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு இத்தொகை உரிய காலத்தில் கிடைப்பது, அவர் பயிற்சியை இடையில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பாதிருக்கத் துணை செய்யும். தாமதமாகக் கிடைக்கும் தொகை இப்பயனைத் தராது.

சட்டத்திலும் மாற்றங்கள் வந்துள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமானவர்களைத் தனிப் பிரிவாக ஏற்று, அரசுப் பணி ஒதுக்கீட்டிலும் இடமளித்துள்ளது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரும் விதிகள் 2019-இல் நீக்கப்பட்டன.

எனினும் இவ்வசதிகள் நோயாளியைச் சென்றடையக் கீழ்மட்டத்தில் சில பணிகள் ஒழுங்காக நடைபெற வேண்டும். பழைய நோயாளிகளின் பட்டியல் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உயிருடன் இருக்க வேண்டும். மருந்து முடிந்ததும் பெயர் நீக்கப்படுவதால், தொங்குபாதத்துடன் இருப்பவர் அலுவலகத்தின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறார். ஆஷா பணியாளர் அத்தகையவர்களை அடையாளம் காட்டலாம். மாவட்டத் தொழுநோய் அலுவலர் அவர்களை முகாமுக்கு அழைத்து, தகுதியானவர்களை அறுவை மையத்துக்கு அனுப்பலாம். புண் இருப்பதால் திருப்பி அனுப்பப்பட்டவரை, புண் ஆறியபின் மீண்டும் அனுப்புவதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும். அறுவை முடிந்து ஊர் திரும்பியவரை ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பார்த்துச் சோதிக்காவிடில், செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகக்கூடும்.

2023 ஜனவரி 30 அன்று வெளியிடப்பட்ட தேசியச் செயல் திட்டம், 2027-க்குள் நோய்ப் பரவலை நிறுத்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. அவ்விலக்கு நிறைவேறினும், ஏற்கெனவே ஊனமுற்றோர் நம்மிடையே பல்லாண்டுகள் வாழ்வர். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் திட்டத்தின் வெற்றியை அளவிடாமல், எத்தனை தொங்குபாதங்கள் உரிய காலத்தில் கண்டறியப்பட்டன, எத்தனை பேர் அறுவைக்குப்பின் தம் தொழிலுக்குத் திரும்பினர் என்பவற்றையும் மாவட்டந்தோறும் கணக்கிட வேண்டும். அறுவைக்கான திறன் நாட்டில் உள்ளது; அதற்கான நிதியும் ஒதுக்கப்படுகிறது. தேவையுள்ளவரை அத்திறன் இருக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே எஞ்சியுள்ள பணி.